கச்சேரி இசைக்குக் கார்ட்டூன் வரைந்தால் என்ன? குழந்தைகளோடு பார்க்கவும் படங்கள் சொல்லுங்கள்

மந்தைவெளி_மாமா
ஞாயிறு, இரவு 9:40

அக்கா பையனுக்குப் பத்து வயது. போன மார்கழியில் அவனை ஒரு சபாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வர்ணம் முடிகிற வரை சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். அடுத்த கீர்த்தனையில் நெளிய ஆரம்பித்தான். பாடகர் காம்போதி ராகத்தை விரிக்கத் தொடங்கியபோது, "மாமா, கேன்டீன் எப்போது திறப்பார்கள்?" என்று காதருகே வந்து கேட்டான். பத்து வயதுப் பிள்ளை இரண்டரை மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதுதான் தப்பு, அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

அதே பையன் இன்று காலை டாம் அண்ட் ஜெர்ரி பார்த்துக்கொண்டிருந்தான். டாம் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் பியானோ வாசிக்கிற படம், 'தி கேட் கன்சர்ட்டோ'. எட்டு நிமிடம்கூட வராது. முழுக்க லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் இரண்டாவது ஹங்கேரியன் ராப்சடி. மூன்று தடவை திரும்பத் திரும்பப் போட்டான். மத்தியானம் தயிர்சாதம் பிசைந்துகொண்டே அந்த மெட்டை முணுமுணுக்கிறான், வேகமான பிற்பகுதியை மட்டுமல்ல, மெதுவாகத் தொடங்குகிற முதல் பகுதியையும், நடுவில் வருகிற நிறுத்தங்களோடு சேர்த்து. லிஸ்ட் யார் என்று அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இப்போது இல்லை.

எனக்கு இரண்டு கேள்விகள். இந்த மாதிரி செவ்வியல் இசையை எடுத்துக்கொண்டு அதற்கென்றே வரைந்த படங்கள் வேறு எவை, பையனோடு உட்கார்ந்து பார்க்கும்படி? அப்புறம், இதுதான் மனத்தை அரிக்கிறது, நம் சங்கீதத்துக்கு இப்படி வரைய முடியுமா? முடியும் என்றால் என்ன தடுக்கிறது?


பெரம்பூர்_பியானோ
ஞாயிறு, இரவு 10:25

மாமா சார், நான் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித்தருகிறேன், டிரினிட்டி பரீட்சைக்குத் தயார்செய்வது உட்பட. நீங்கள் சொன்ன படம் என் வகுப்பில் பாடத்திட்டம் மாதிரி. புதிதாகச் சேரும் பிள்ளைக்குப் பியானோ மூடியைத் திறந்து சுத்தியலைக் காட்டுவதற்கு முன்னால் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். ஜெர்ரி உள்ளே படுத்துத் தூங்குகிறது, டாம் கட்டையை அழுத்தினால் சுத்தியல் எழும்பி அதைத் தூக்கிப் போடுகிறது. விரல் அழுத்துவதற்கும் தந்தி ஒலிப்பதற்கும் நடுவில் ஒரு இயந்திரம் வேலை செய்கிறது என்பது அந்த ஒரு காட்சியில் பிள்ளைக்குப் புரிந்துவிடும். டாமின் கைகளையும் கவனியுங்கள், சுரம் மேலே ஏறும்போது கை வலப்பக்கம் போகும், இறங்கும்போது இடப்பக்கம் வரும். பல சினிமாக்களில் கதாநாயகன் பியானோ வாசிக்கும்போது இந்த அளவுக்குக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

1947-ல் ஆஸ்கர் வாங்கிய படம் இது. ஏறக்குறைய அதே சமயத்தில், 1946-ல், வார்னர் ஸ்டுடியோ பக்ஸ் பன்னியை வைத்து அதே ராப்சடிக்கு 'ராப்சடி ராபிட்' என்று ஒரு படம் எடுத்தது. காட்சிகள்கூட அங்கங்கே ஒத்துப்போகும். யாரைப் பார்த்து யார் எடுத்தார்கள் என்று இரண்டு பக்கமும் சண்டை நடந்தது. பையனுக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். ஒரே பாட்டை இரண்டு பேர் எப்படிக் கேட்டிருக்கிறார்கள் என்று அவனே சொல்லுவான்.

பிறகு அதே வார்னரில் இயக்குநராக இருந்த சக் ஜோன்ஸின் இரண்டு படங்கள். 1950-ல் வந்த 'ராபிட் ஆஃப் செவில்' ரோசினியின் முன்னிசைக்கு, 1957-ல் வந்த 'வாட்ஸ் ஆப்ரா, டாக்?' வாக்னருக்கு. மணிக்கணக்காக ஓடும் வாக்னரை ஏழு நிமிடத்துக்குள் அடக்கியிருக்கிறார்கள், ஆனால் வாக்னரின் பிரமாண்டம் கெடவில்லை.

பெரிய படம் என்றால் டிஸ்னியின் 'ஃபான்டேசியா', 1940. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் விடிந்துவிடும், நாளைக்கு வருகிறேன்.


மாம்பலம்_ரசிகை
திங்கள், காலை 6:15

நான் இதில் எதிர்ப்பக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

'ஃபான்டேசியா'வை 90-களில் வாடகை கேசட்டில் பார்த்தேன். அதில் பீத்தோவனின் ஆறாவது சிம்பொனி, பாஸ்டோரல், வருகிறது. அதற்குப் பாதி மனிதன் பாதி குதிரையாக உருவங்கள், அவற்றுக்குக் காதல், வானத்திலிருந்து மின்னலை எறிகிற கடவுள், எல்லாம் மிட்டாய் நிறத்தில். (அந்தப் பகுதியில் கறுப்பினத்தவரை இழிவாகக் காட்டிய காட்சிகளும் இருந்தன, பிற்காலத்து மறுவெளியீடுகளில் அவற்றை நீக்கினார்கள். நீக்கத்தான் வேண்டும்.) சிம்பொனியையும் வெட்டிச் சுருக்கியிருந்தார்கள். அன்றிலிருந்து இன்று வரை அந்த இசையை எங்கே கேட்டாலும் எனக்கு அந்தக் குதிரைகள்தான் ஓடுகின்றன. முப்பது வருடம் ஆகிறது, விரட்ட முடியவில்லை.

இத்தனைக்கும் பீத்தோவனே அந்த சிம்பொனி பற்றி எழுதிவைத்திருக்கிறார், இது சித்திரம் தீட்டுவதைவிட உணர்ச்சியைச் சொல்வது என்று. 1808-லேயே எச்சரித்துவிட்டுப் போன மனிதரின் இசைக்கு 1940-ல் சித்திரம் தீட்டினார்கள். அதே படத்தில் ஸ்டிராவின்ஸ்கியின் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' வருகிறது, பண்டைய ரஷ்யக் கிராமத்துச் சடங்குக்காக எழுதியது. அதை டைனோசர்களுக்கு ஆக்கி, வரிசையையும் மாற்றிவிட்டார்கள். அந்தப் படத்தில் இடம்பெற்ற இசையமைப்பாளர்களில் அப்போது உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான், அவருக்கும் அது பிடிக்கவில்லை.

நம் சங்கீதத்துக்கு வருகிறேன். காம்போதி ஆலாபனை கேட்கும்போது எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பாட்டி வீட்டு முற்றமும், மழை விட்டபிறகு ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் வரும். பக்கத்து சீட்டுக்காரருக்கு வேறு ஏதோ வரும். சிலருக்கு ஒன்றும் வராது, அவர்கள் சுரத்தை மட்டும் கேட்பார்கள். அத்தனைக்கும் அங்கே இடம் இருக்கிறது. ஒரு படத்தை மேலே ஒட்டிவிட்டால் அந்த இடம் போய்விடும். குழந்தைக்குக் காது திறக்கட்டும் என்கிறீர்கள், கண்ணைத்தானே திறக்கிறீர்கள்?


பெரம்பூர்_பியானோ
திங்கள், மத்தியானம் 1:50

ரசிகை மேடம், பாஸ்டோரல் பற்றி நீங்கள் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன், அந்தப் படத்தில் பலவீனமான பகுதி அதுதான். ஆனால் அதே படத்தில் 'சாசரர்ஸ் அப்ரென்டிஸ்' இருக்கிறதே, மிக்கி மந்திரத் தொப்பியை மாட்டிக்கொண்டு துடைப்பத்தைத் தண்ணீர் தூக்க விடுவது. அங்கே டிஸ்னி கதையை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. கதே 1797-ல் எழுதிய கவிதை, அதை வைத்துப் பால் டூக்கா சரியாக நூறு வருடம் கழித்து இசையமைத்தார், அந்த இசைக்குள்ளேயே துடைப்பம் நடக்கிறது. பாசூன் தடுமாறித் தடுமாறி எழுந்திருக்கும் இடத்தைக் கேளுங்கள். துடைப்பத்தைக் கோடரியால் பிளந்தபிறகு ஒரு அமைதி, அதற்கப்புறம் அடியிலிருந்து அதே மெட்டு மறுபடி, இப்போது இரண்டு வாத்தியமாக. துண்டுகள் உயிர்பெறுவதை டூக்காவே எழுதிவிட்டார், டிஸ்னி அதைக் காண்பித்தார், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். அந்த இசையைப் பதிவுசெய்ய இசை நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கியும் டிஸ்னி ஆட்களும் பட்ட பாட்டுக்கு மரியாதை கொடுக்க வேண்டும். பெரும்பகுதியை வாசித்தது பிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ரா. ஒலி திரையரங்கின் பல பக்கங்களிலிருந்து வரவேண்டும் என்று 'ஃபான்டசவுண்ட்' என்ற ஏற்பாட்டையே அதற்காக உருவாக்கினார்கள். செலவு தாங்காமல் சில அரங்குகளில் மட்டுமே அதைப் பொருத்த முடிந்தது, போரினால் ஐரோப்பியச் சந்தையும் மூடிப்போனது, படம் கையைக் கடித்தது. ஆனாலும் ஒரு கார்ட்டூனுக்காகக் காதைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.


ஃப்ரேம்_24
திங்கள், இரவு 11:30

இரண்டு நாளாக எட்ட நின்று படித்துக்கொண்டிருந்தேன், எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது. நான் அனிமேஷன்காரன். 2000 வாக்கில் சென்னையில் வெளிநாட்டுத் தொடர்களுக்கு வரைந்துகொடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில் இன்-பிட்வீனராகச் சேர்ந்தேன். பெரியவர்கள் முக்கியமான நிலைகளை வரைந்து அனுப்புவார்கள், நடுவில் வரும் படங்களை நாங்கள் லைட் பாக்ஸில் தாளைப் பெக் பாரில் மாட்டி வரைந்து நிரப்ப வேண்டும். பூனை கையைத் தூக்குவதற்குப் பதினொரு தாள், இறக்குவதற்கு ஏழு தாள், அப்படி.

மாமா கேட்ட இரண்டாவது கேள்வியை நான் செய்து பார்த்திருக்கிறேன். ஆதி தாளத்தில் ஒரு சின்னத் தனி ஆவர்த்தனத்துக்கு, கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதிக்கு, படம் வரைய முயன்றேன். எங்கே இடித்தது என்று சொல்கிறேன்.

திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகம். இசைக்கு வரைகிற ஆள் எல்லாவற்றையும் சட்டகமாகத்தான் எண்ணுவான். கார்ட்டூன்களுக்கு இசையமைத்த கார்ல் ஸ்டாலிங் போன்றவர்கள் 1930 வாக்கிலேயே இதை ஒழுங்குபடுத்திவிட்டார்கள். ஒரு அடிக்கு இத்தனை சட்டகம் என்று முதலிலேயே முடிவுசெய்து, வாத்தியக்காரர்களுக்குக் காதில் 'டிக் டிக்' என்று கேட்கவைத்து வாசிக்கச் சொல்லுவார்கள். நிமிடத்துக்கு 120 அடி என்றால் அடிக்கு 12 சட்டகம், கணக்குச் சுத்தம்.

இப்போது ஆதி தாளம். எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, சேர்ந்தது ஒரு சுற்று, அதுதான் ஆவர்த்தனம். நிமிடத்துக்கு 60 அட்சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்சரம் 24 சட்டகம், ஒரு ஆவர்த்தனம் 192. அட்சரத்தை நாலு மாத்திரையாகப் பிரிப்பது சதுஸ்ர நடை, அதில் ஒரு மாத்திரைக்கு 6 சட்டகம், பிரமாதம். 'ததிங்கிணதொம்' ஐந்து மாத்திரை, ஆக 30 சட்டகம். தாளத்தின் முதல் பாதியான லகு, நாலு அட்சரம், போனபிறகு, அடுத்து வரும் துருதத்தின் தட்டில் ஒரு மாத்திரை விட்டு எடுத்தால், மூன்று ததிங்கிணதொம் முடிந்து நேராகச் சமத்தில், அடுத்த சுற்றின் முதல் தட்டில், விழும். 16-ம் 1-ம் 15-ம் 32. இதற்கு ஒரு அணிலை வரைந்தேன், கிளைக்குக் கிளை ஐந்து தாவல், 'தொம்'மில் உட்கார வேண்டும், மூன்றாவது தொம் முடிகிற இடத்தில் சமம். முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது என் மனைவி தன்னை அறியாமல் தொடையில் தாளம் போட்டார். அவருக்குத் தாளம் தெரியாது, கற்றுக்கொண்டதும் கிடையாது.

மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடைக்குப் போனால் மாத்திரைக்கு 8, அதுவும் சரி. ஐந்தாகப் பிரிக்கும் கண்ட நடைக்கு வந்தேன், மாட்டிக்கொண்டேன். 24-ஐ ஐந்தால் வகுத்தால் 4.8. சட்டகத்தைப் பிளக்க முடியாது. எல்லாவற்றையும் 5 ஆக்கினால் அட்சரத்துக்கு ஒரு சட்டகம் கூடுகிறது, ஒரு ஆவர்த்தனம் முடியும்போது 8 சட்டகம், அதாவது விநாடியில் மூன்றில் ஒரு பங்கு, படம் பின்தங்குகிறது. மிருதங்கம் சமத்துக்கு வந்துவிட்டது, அணில் இன்னும் காற்றில் தொங்குகிறது. 5, 5, 5, 5, 4 என்று பிரித்துப் போட்டேன். கணக்கு உட்கார்ந்தது, ஆனால் ஐந்தாவது தாவல் மட்டும் கொஞ்சம் அவசரப்படுகிற மாதிரி எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் காலப்பிரமாணத்தை, அதாவது வேகத்தை, சற்று இறக்கி, அட்சரத்துக்கு 25 சட்டகமாக வைத்ததும் சரியாகிவிட்டது, மாத்திரைக்கு 5. ஏழாகப் பிரிக்கும் மிஸ்ரத்துக்கு 28 அல்லது 21. ஆக நடைக்கு நடை காலப்பிரமாணம் மாற வேண்டும், ஆனால் தனியில் அது மாறவே கூடாது. இதுதான் நான் முட்டிக்கொண்ட சுவர்.

இசை எங்கிருந்து எடுப்பது என்பது இன்னொரு தலைவலி. பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் பயன்படுத்த அனுமதி கேட்டு ஒரு இசை நிறுவனத்துக்கு எட்டு மாதம் எழுதினேன், வேண்டாம் என்ற பதில்கூட வரவில்லை. நண்பர் ஒருவரை வைத்துச் சாலிகிராமத்தில் ஒரு அறையில் பதிவுசெய்தேன். டிக் கேட்டுக்கொண்டு வாசிக்க மாட்டேன் என்றுவிட்டார். அவர் இஷ்டத்துக்கு வாசித்ததை அளந்தால் முதல் ஆவர்த்தனம் 192 சட்டகம், கடைசி ஆவர்த்தனம் 181. நான்கு நிமிடம் திட்டமிட்டேன், ஐம்பது விநாடி வரைந்தேன். அதோடு நிற்கிறது.

ரசிகை மேடத்துக்கு ஒன்று. கெட்ட படம் இசையை மூடிவிடும் என்பது உண்மை. நல்ல படம் இசையின் எலும்பைக் காட்டும். என் மனைவியின் கை தொடைக்குப் போனதே, அது கண் செய்த வேலை அல்ல.


திருவல்லிக்கேணி_தாளம்
செவ்வாய், காலை 8:05

ஃப்ரேம் அண்ணா, அந்த நண்பர் டிக் கேட்டு வாசிக்க மறுத்தது அகம்பாவம் இல்லை. நான் பதினைந்து வருடமாக மிருதங்கம் வாசிக்கிறேன். தனியில் உச்சத்துக்குப் போகும்போது ஒரு நூல் ஏறும், கேட்கிறவர்களும் கூடவே ஏறுவார்கள், அதை ஓட்டம் என்று திட்டுகிறவர்களும் உண்டு, ரசிக்கிறவர்களும் உண்டு. 192-லிருந்து 181 என்பது கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடை மாற்றத்துக்கு நீங்கள் காலப்பிரமாணத்தை மாற்ற வேண்டியதில்லை. 5, 5, 5, 5, 4 போட்டீர்களே, அந்த 4-ஐ ஒவ்வொரு அட்சரத்திலும் ஒரே இடத்தில் வைக்காமல் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். நாங்கள் வாசிக்கும்போதும் ஐந்து மாத்திரையும் தராசில் நிறுத்த மாதிரி சமமாக விழாது, தொப்பி, மிருதங்கத்தின் இடப்பக்கம், விழும் இடம் ஒரு மயிரிழை கனக்கும். அட்சரத்தின் முதல் தட்டு சரியாக இருந்தால் காது மற்றதை மன்னிக்கும்.

மாமா, படம் கேட்டீர்களே. 'அலெக்ரோ நான் டிராப்போ', இத்தாலியில் புரூனோ பொசெட்டோ 1976-ல் எடுத்தது. அதில் ராவெலின் 'பொலேரோ'வுக்கு ஒரு பகுதி. அந்த இசை தெரியும்தானே, பக்க டிரம் தொடக்கத்தில் எடுத்த அதே சொல்லைக் கால் மணி நேரத்துக்கு மாற்றாமல் வாசிக்கும், மேலே மெட்டு வாத்தியத்துக்கு வாத்தியம் கைமாறும், சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். பொசெட்டோ என்ன செய்தார் தெரியுமா, வேற்றுக்கிரகத்தில் யாரோ குடித்துவிட்டுப் போட்ட குளிர்பான பாட்டிலின் அடியில் மிச்சமிருந்த திரவம் மெல்ல அசைகிறது, வெளியே வழிகிறது, அதிலிருந்து உயிர்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு ஊர்வலமாக நடக்கின்றன. நிற்காத தாளத்துக்கு நிற்காத நடை. பொலேரோவை அதற்கு முன்னால் பத்துத் தடவை கேட்டு அலுத்திருந்தேன், அந்த ஊர்வலத்தைப் பார்த்தபிறகுதான் அந்த டிரம்காரரின் பொறுமை எனக்கு உறைத்தது.


வேளச்சேரி_அம்மா
செவ்வாய், மத்தியானம் 12:40

ஒரு எச்சரிக்கை மட்டும். 'அலெக்ரோ நான் டிராப்போ' முழுவதும் பிள்ளைகளுக்கானது இல்லை, சில பகுதிகள் பெரியவர்களுக்கு. அதிலேயே சிபேலியஸின் 'வால்ஸ் டிரிஸ்ட்' வருகிறது. இடிந்த வீட்டில் ஒரு பூனை, பெரிய கண்கள், அந்த வீட்டில் முன்பு இருந்தவர்களை நினைத்துக்கொள்கிறது, உருவங்கள் வருகின்றன, தொடப்போனால் கலைந்துவிடுகின்றன. என் ஏழு வயது மகள் பார்த்துவிட்டு அழுதாள், நானும் அழுதேன். சிபேலியஸ் அதை 1903-ல் ஒரு நாடகத்துக்காக எழுதினார், சாகக்கிடக்கும் தாய் எழுந்து ஆடுகிற காட்சிக்கு. அது தெரியாமலே பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. அதனால் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை, கூட உட்கார்ந்து பாருங்கள். 'ஃபான்டேசியா'வில் முசோர்க்ஸ்கி என்ற ரஷ்யரின் இசைக்கு வரும் பூதமும் சின்னப் பிள்ளைகளுக்குக் கனவில் வரும்.


மாம்பலம்_ரசிகை
செவ்வாய், மாலை 5:20

அணில் விஷயம் என்னை யோசிக்கவைத்தது, மறைக்கவில்லை. தாளத்துக்குப் படம் பொருந்தும் என்று ஏற்றுக்கொள்கிறேன். பரதத்தில் ஜதிக்கு ஆடுவது அதுதானே, சொல்லுக்குக் கால் பதில் சொல்கிறது, நட்டுவாங்கம் செய்கிறவர் கையில் இருக்கிற தாளத்தைத்தான் நாம் கண்ணால் பார்க்கிறோம்.

ஆனால் ஆலாபனை? தாளம் இல்லை, சொல் இல்லை, எண்ண ஒன்றுமில்லை. தோடி ராகத்தின் காந்தாரம், அந்த 'க' சுரம், அப்படியே நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கிறது. அதற்கு எந்த அணிலை வரைவீர்கள் தம்பி?


ஃப்ரேம்_24
செவ்வாய், இரவு 10:50

மேடம், அணிலே வேண்டாம்.

ஆஸ்கார் ஃபிஷிங்கர் என்று ஒரு ஜெர்மன்காரர். 1938-ல் நம் மாமாவின் அதே ராப்சடிக்கு 'ஆன் ஆப்டிக்கல் போயம்' என்று ஒரு படம் செய்தார். பூனையும் இல்லை, முயலும் இல்லை, வட்டங்களும் சதுரங்களும் மட்டும், காகிதத்தில் வெட்டித் தொங்கவிட்டு நகர்த்தி நகர்த்திப் படமெடுத்தது. 'ஃபான்டேசியா'வின் தொடக்கத்தில் வரும் பாக் பகுதிக்கு டிஸ்னி அவரைத்தான் முதலில் கூப்பிட்டார். அவர் வரைந்ததையெல்லாம் இது மேகம், இது வயலின் வில் என்று அடையாளம் தெரிகிற மாதிரி மாற்றிக்கொண்டே இருந்தார்கள், மனம் வெறுத்து வெளியேறிவிட்டார். பிறகு 1947-ல் தனியாக உட்கார்ந்து, பாக்கின் மூன்றாவது பிராண்டன்பர்க் கன்சர்ட்டோவுக்கு 'மோஷன் பெயிண்டிங்' செய்தார். எண்ணெய் வண்ணத்தில் ஒரு தீற்று, ஒரு சட்டகம், இன்னொரு தீற்று, இன்னொரு சட்டகம். சுருள்கள் வளர்கின்றன, ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. பார்க்கிறவர் மனத்தில் அவர் எந்தப் பொருளையும் திணிக்கவில்லை. உங்கள் பாட்டி வீட்டு முற்றம் அங்கே பத்திரமாக இருக்கும்.

டிஸ்னிக்கு ஏழு வருடம் முன்னாலேயே, 1933-ல், அலெக்சாண்டர் அலெக்சேயெஃப்பும் கிளேர் பார்க்கரும் அதே முசோர்க்ஸ்கி இசைக்கு ஊசிப்பலகையில் படம் செய்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஊசிகள் செருகிய பலகை, பக்கவாட்டில் வெளிச்சம், ஊசியை அமுக்கினால் நிழல் குறையும், தள்ளினால் கூடும். எல்லாம் சாம்பல் நிறத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றாக உருகும். ஆலாபனையை வரைய வேண்டும் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த உருகல்தான்.

நீங்கள் கேட்டதால் இன்று இரவே உட்கார்ந்து தோடி காந்தாரத்துக்கு மட்டும் ஒரு சோதனை போட்டேன். ஒரு கிடைக்கோடு, கரித்துண்டால். சுரம் அசையும்போது கோட்டை அப்படியே மேலும் கீழும் அசைத்தேன், கிணற்று ராட்டினம் மாதிரி இருந்தது, நன்றாக இல்லை. பிறகு கோட்டை அசைக்காமல், அதன் தடிமனை மட்டும் மாற்றினேன், ஏறும்போது மெலிந்து, இறங்கும்போது கனத்து, நிற்கும் இடத்தில் கரி கொஞ்சம் பரவி. 60 தாள். அது ஏதோ தோடிக்குப் பக்கத்தில் போன மாதிரி இருக்கிறது. இன்னும் வரவில்லை, ஆனால் வழி அந்தப் பக்கம்தான்.


மாம்பலம்_ரசிகை
செவ்வாய், இரவு 11:15

அந்த 60 தாளை நான் பார்க்க வேண்டும்.


கோட்டை_ரயில்
புதன், காலை 7:30

நம் இசைக்காரர்கள் ஏற்கெனவே அனிமேஷனுக்கு வாசித்திருக்கிறார்கள், அதை யாரும் சொல்லவில்லையே. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் நார்மன் மெக்லாரனும் கிளாட் ஜூட்ராவும் 1957-ல் செய்த 'எ சேரி டேல்' படத்துக்கு இசை பண்டிட் ரவிசங்கர், தபலா சதுர்லால். ஒரு ஆள் நாற்காலியில் உட்காரப் பார்க்கிறான், நாற்காலி விலகி விலகிப் போகிறது, உட்கார விடவே மாட்டேன் என்கிறது, கடைசியில் அவன் மேல் அது உட்கார்ந்தபிறகுதான் சமாதானம் ஆகிறது. மனிதனையே சட்டகம் சட்டகமாக நகர்த்திப் படமெடுத்தது. பேச்சே இல்லை, சண்டை முழுக்க சிதாருக்கும் தபலாவுக்கும் நடக்கிறது. அப்புறம் குஜராத்தைச் சேர்ந்த இஷு படேல் அதே கனடா நிறுவனத்தில் 1977-ல் செய்த 'பீட் கேம்', ஆயிரக்கணக்கான மணிகளை அடுக்கி அடுக்கி எடுத்தது, பின்னணியில் நம் தாள வாத்தியங்கள். இரண்டும் ஆஸ்கர் பரிந்துரை வரை போனவை. பையனுக்கு இரண்டுமே பிடிக்கும், ஐந்து பத்து நிமிடம்தான்.

நம் ஊரில் தொடங்க வேண்டுமானால் நான் ஒரு இடம் சொல்கிறேன். முத்துசுவாமி தீட்சிதர் இளவயதில் மணலியில் இருந்தபோது, ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்ட் வாசிப்பதைக் கேட்டிருக்கிறார். அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதியவைதான் நோட்டு சுவரங்கள். 'சந்ததம் பாஹிமாம்' பாடிப் பாருங்கள், பிரிட்டிஷ் ராஜாவுக்கான வாழ்த்துப் பாட்டின் மெட்டு. 'ஷ்யாமளே மீனாக்ஷி' நம் பிள்ளைகள் நர்சரியில் பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டு, மோட்சார்ட்டும் அதே மெட்டை எடுத்துப் பியானோவுக்குப் பன்னிரண்டு விதமாக வாசித்திருக்கிறார். பாட்டு வகுப்பில் சேர்ந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். தாளம் நேர்நடை, உங்கள் 24-க்குள் அடங்கும். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பாட்டு யாருடைய உரிமையும் இல்லை, குழந்தைகளையே பாடவைத்துப் பதிவுசெய்யலாம், எந்த நிறுவனத்துக்கும் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம். கோட்டை மதில், சிவப்புச் சட்டை பேண்ட்காரர்கள், வெளியே மணலில் நின்று கேட்கிற ஒரு பையன். நான் தினமும் ரயிலில் கோட்டை ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன்.


பெரம்பூர்_பியானோ
புதன், மாலை 4:10

கோட்டை சார், இது அருமை. மோட்சார்ட்டின் பன்னிரண்டையும் 'ஷ்யாமளே'வையும் சேர்த்தே வைக்கலாம், நான் வாசித்துத் தருகிறேன், ஃப்ரேம் தம்பி கேட்கிற டிக்கோடு.

மாமா சாருக்கு இன்னும் இரண்டு படங்கள். சூசி டெம்பிள்டன் 2006-ல் பொம்மைகளை வைத்துச் செய்த 'பீட்டர் அண்ட் தி வுல்ஃப்', 2008-ல் ஆஸ்கர் வாங்கியது. புரோகோஃபியெவ் 1936-ல் மாஸ்கோவில் பிள்ளைகளுக்கென்றே எழுதிய இசை, ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு வாத்தியம். பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பாசூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன். வழக்கமாக ஒருவர் கதை சொல்லிக்கொண்டே வருவார், இந்தப் படத்தில் அது கிடையாது, வாத்தியமே பேசுகிறது. பார்த்து முடித்ததும் பையனைக் கண்ணை மூடச் சொல்லி இசையை மட்டும் போடுங்கள், வாத்து வருகிறது, பூனை வருகிறது என்று சொல்லிக்கொண்டே வருவான். ரசிகை மேடம் கேட்ட காது அப்படித்தான் திறக்கிறது.

மற்றது ஜப்பானில் இசாவோ தகஹாதா 1982-ல் எடுத்த 'கோஷ் தி செல்லிஸ்ட்'. சின்ன ஊர் ஆர்க்கெஸ்ட்ராவில் செல்லோ வாசிக்கிற இளைஞன், நடத்துநரிடம் தினமும் திட்டு வாங்குகிறான். இரவில் வீட்டுக்கு ஒவ்வொரு பிராணியாக வந்து ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறது. குயில் ஒன்று வந்து ஒரே இரண்டு சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும், அவனுக்கு எரிச்சல் வரும், பிறகு தன் சுரம்தான் சரியில்லை என்று உறைக்கும். அதிலும் பாஸ்டோரல்தான், ரசிகை மேடம். குதிரைகள் இல்லை, ஒரு மனிதன் அதைப் பயிற்சி செய்கிறான், அவ்வளவுதான். உங்கள் முப்பது வருடக் குதிரைகளை அது ஓட்டிவிடலாம்.


மாம்பலம்_ரசிகை
வியாழன், இரவு 9:05

'கோஷ்' பார்த்தேன். குயில் ஜன்னல் கண்ணாடியில் முட்டிக்கொள்ளும் இடத்தில் நிறுத்திவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு சிம்பொனியை மட்டும் போட்டுக் கேட்டேன். இடிமழை வரும் இடத்தில் குதிரைகள் எட்டிப் பார்த்தன. இரண்டாவது பகுதியில், ஓடைக்கரையில், வரவில்லை.

ஃப்ரேம் தம்பி, சனிக்கிழமை சாயந்திரம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், அந்தத் தோடியை எடுத்துக்கொண்டு. நான் பாடுகிறேன், ஒரு காந்தாரத்தை எத்தனை விதமாக நிறுத்தலாம் என்று பாருங்கள், அப்புறம் வரையுங்கள். மனைவியையும் அழைத்து வாருங்கள்.


மந்தைவெளி_மாமா
சனி, காலை 11:20

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனம் வரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஃப்ரேம் தம்பியின் 30 சட்டகக் கணக்கைப் பையனிடம் சொன்னேன். பழைய அழைப்பிதழ்களை ஒரே அளவில் 30 துண்டாக வெட்டினோம், ஒரு பக்கம் கிளிப் போட்டோம். அணில் வேண்டாம், ஆட்டோதான் வேண்டும் என்றான். வேகத்தடை மேல் ஐந்து தடவை தூக்கிப் போடுகிற ஆட்டோ, ஆறு ஆறு துண்டாகப் பிரித்து வரைந்தான், 'தொம்'முக்குப் பின் சக்கரம் தரையில் உட்கார வேண்டும். இரண்டு நாள் ஆனது. முதல் தடவை கட்டைவிரலால் விர்ரென்று விட்டபோது ஐந்து குலுக்கலும் ஒன்றாகக் கலந்துவிட்டன. நான் 'ததிங்கிணதொம்' சொல்ல, அவன் அந்த வேகத்துக்கு விரலை விட்டான், பத்துப் பதினைந்து தடவைக்கப்புறம் சக்கரமும் தொம்மும் ஒன்றாக விழுந்தன. உடனே, "மூன்று தடவை சொன்னால்தானே சமத்துக்கு வரும், அப்படியென்றால் இன்னும் 60 துண்டு வேண்டும்" என்றான். நான் அதைச் சொல்லவே இல்லை, இந்த இழையை அவனே படித்திருக்கிறான்.

ஒரு சிக்கல். மூன்றாவது தடவை வரும்போது அவன் விரல் வேகம் பிடித்து ஆட்டோ முந்திவிடுகிறது. இதற்கு என்ன செய்வது?


திருவல்லிக்கேணி_தாளம்
சனி, மத்தியானம் 12:05

அவனை இன்னொரு கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே புரட்டச் சொல்லுங்கள் சார். முதல் வாரம் கை இரண்டும் சண்டை போடும், எனக்கும் போட்டது. மெல்லிய தாள் வேண்டாம், அழைப்பிதழ் அட்டையே சரி.